களப்பைக் காக்கும் பொறுப்பு

புத்தளம் மாவட்டத்துக் கரையோர மக்களின் வாழ்வு கடலையும் களப்பையும் சேர்த்தே அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது பல குடும்பங்களின் அடுப்பை எரியவைப்பது களப்பே. ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடைய புத்தளம் களப்பில் கலா ஓயாவும் மீ ஓயாவும் வந்து கலக்கின்றன; வடக்கே அது கடலோடு இணைந்துள்ளது. கண்டற் காடுகளும் கடற்புற்களும் நிறைந்த இந்நீரிலேயே இறால், நண்டு, ஓரா முதலியவற்றின் குஞ்சுகள் வளர்கின்றன. களப்பு கெட்டால் கடலின் விளைச்சலும் குன்றும் என்பதை இங்குள்ள கடற்றொழிலாளருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆயினும் களப்பு கெட்டுத்தான் வருகின்றது. 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகள் அழிக்கப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் பல கைவிடப்பட்டன. அழிந்த கண்டல் மட்டும் மீளவில்லை. தங்கூசி வலை 2006 ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. தடை காகிதத்தில் இருந்தால் போதாது. நூற்றுக்கணக்கான படகுகள் இரவில் தொழிலுக்குச் செல்லும் நீர்ப்பரப்பை ஒரு சில கடற்றொழில் பரிசோதகர்களால் காவல்காக்க இயலாது. அங்கு எப்போதும் இருப்பவர்கள் கடற்றொழிலாளர் மட்டுமே.

இவ்வுண்மையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி, குறித்த ஒரு நீர்ப்பரப்பை மீன்பிடி முகாமைத்துவப் பிரதேசமாக அமைச்சர் பிரகடனப்படுத்தலாம். அங்கு வசிக்கும் அல்லது தொழில்புரியும் பதிவுசெய்யப்பட்ட கடற்றொழிலாளர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொள்ளலாம். ஸ்பெயின் நாட்டின் நிதியுதவியோடு ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2009 முதல் 2013 வரை நடத்திய திட்டமும் புத்தளம், நீர்கொழும்புக் களப்புகளில் அரசும் மக்களும் கூட்டாக முகாமைத்துவம் செய்யும் முறைக்கு ஊக்கமளித்தது.

நீர்கொழும்புக்கு இது புதிதன்று. அங்கு வற்றுநீரோடு கடலை நோக்கிச் செல்லும் இறாலை, கம்பு நட்டுக் கட்டும் வலைகளால் பிடிப்பர். வலை கட்டும் இடங்களை நான்கு சங்கங்கள் சீட்டுக் குலுக்கித் தம் உறுப்பினரிடையே பகிர்ந்து கொள்கின்றன. 1958 இல் இவ்வழக்கம் சட்ட விதியாகவும் ஏற்கப்பட்டது. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகச் சென்றுவிடுவதில்லை. வலைகளின் எண்ணிக்கையும் கட்டுக்குள் இருக்கின்றது.

எனினும் இம்முறையை அப்படியே புத்தளத்துக்குக் கொண்டுவர இயலாது என்பதை நாம் மறக்கலாகாது. நீர்கொழும்புச் சங்கங்களின் வலிமை, உறுப்புரிமை தந்தை வழியாக மகனுக்குச் செல்வதிலும், உறுப்பினர் ஒரே சமயத்தவராய் இருப்பதிலும் தங்கியுள்ளது. புத்தளமோ முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஒரே நீரில் தொழில்செய்யும் இடம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் இங்கு தஞ்சமடைந்தனர். அவர்களிடையே இருந்த கடற்றொழிலாளர் பிழைப்புக்காகக் களப்பில் இறங்கினர். இடமளித்தோரின் பெருந்தன்மையும் உண்மை. அதே வளத்தை மேலும் பலர் பகிர நேர்ந்ததால் எழுந்த மனக்கசப்பும் உண்மை. இத்தகைய இடத்தில் ஒரு துறையார் மட்டும் கூடி விதி செய்தால், அது களப்பைக் காக்கும் விதியாக இராது. அடுத்த துறையாரைத் தடுக்கும் வேலியாகவே முடியும்.

ஆகவே புத்தளத்தில் அமையும் எந்தக் குழுவிலும் ஒவ்வொரு இறங்குதுறைக்கும், ஒவ்வொரு சமூகத்துக்கும், பிந்தி வந்து குடியமர்ந்தோருக்கும் இடமிருத்தல் வேண்டும். நண்டு பொறுக்கியும் கருவாடு போட்டும் குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் குரலும் அங்கு ஒலிக்க வேண்டும். தமிழ் பேசும் தொழிலாளருக்கு விதிகளும் கூட்டக் குறிப்புகளும் தமிழிலேயே கிடைக்க வேண்டும். புரியாத விதியை மதிக்குமாறு எவரையும் கேட்பது நியாயமன்று.

அரசின் கடமையும் சிறிதன்று. விதியை மீறியவரைக் குழு சுட்டிக்காட்டும்போது, அவர் எவருடைய செல்வாக்கில் நின்றாலும் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். ஓரிரு தடவை முறைப்பாடு செய்து பயனில்லை என்று கண்டால், நேற்றுவரை விதியைக் காத்தவரே நாளை தங்கூசி வலையோடு இறங்குவார். தான் விட்டுவைக்கும் மீனை மற்றவர் அள்ளிச் செல்லமாட்டார் என்ற நம்பிக்கையே கூட்டு முகாமைத்துவத்தின் உயிர்நாடி.

கண்டல் நடுகையும் இதே பாடத்தைப் புகட்டுகின்றது. நாட்டின் பல இடங்களில் ஆரவாரத்தோடு நடப்பட்ட கன்றுகளுள் பெரும்பகுதி பிழைக்கவில்லை என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பொருத்தமில்லாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரியாது விட்டதும் முக்கிய காரணங்களாகும். எந்தச் சேற்றில் எந்த மரம் வேர்பிடிக்கும் என்பதை அவ்வூரவரிடம் கேட்டிருந்தால் இழப்பு குறைந்திருக்கும்.

களப்பு எந்த ஒரு சமூகத்துக்கும் தனிச்சொத்தன்று. இனம், மதம், ஊர் பாராமல் ஒரே நீர் எல்லோருக்கும் சோறு போடுகின்றது. அதைக் காக்கும் பொறுப்பையும் எல்லோரும் சேர்ந்தே ஏற்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.