ஒல்லிப் பையனும் வீட்டுச் சட்டியும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டுக்குப் பதினைந்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே தொடங்கிவிடும். "என்ன தம்பி, காத்தடிச்சா விழுந்திடுவாய் போல கிடக்கு. அம்மா சாப்பாடு தாறேல்லையோ?" கேட்கிற மாமி அன்பாகத்தான் கேட்கிறார். பக்கத்தில் நிற்கிற தாய்க்கு அது குற்றச்சாட்டாகக் கேட்கும். பையன் சிரித்துச் சமாளிப்பான். அன்றிரவு கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் தன் விலா எலும்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கொட்டாஞ்சேனையில் இதையே "என்னடா இப்பிடி மெலிஞ்சிட்ட?" என்பார்கள். வலியில் வித்தியாசம் இல்லை.

அந்தப் பையனுக்கு முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பெரும்பாலும் உன் உடம்பில் ஒரு பிழையும் இல்லை. ஆண்பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் மளமளவென்று உயர்வார்கள். சதை அதற்குப் பின்னால்தான் வரும். இடையில் உள்ள இரண்டு மூன்று வருடங்கள் கையும் காலும் மட்டும் நீண்டு தெரிவது இயற்கை. பசியே இல்லாமல் போனால், அடிக்கடி காய்ச்சல் வந்தால், அல்லது காரணமின்றி எடை இறங்கினால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

"இந்த வயசில பாரம் தூக்கினா வளரமாட்டாய்" என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஒழுங்கான முறையில், தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி வளரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. மெலிந்த உடம்புக்குப் பலம் வராது என்பதும் பொய். 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு இசுரு குமார 55 கிலோ எடைப்பிரிவில் வெண்கலம் வென்றார். தலைக்கு மேலே அவர் தூக்கியது 120 கிலோ. தன் எடையின் இரண்டு மடங்குக்கும் கூட. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. புறக்கோட்டையிலும் பழைய சோனகத் தெருவிலும் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளைப் பாருங்கள். ஜிம் விளம்பரத்துக்கு எவரும் கூப்பிடாத மெலிந்த உடம்புகள், ஐம்பது கிலோ அரிசி மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு லொறிக்கும் கடைக்கும் நாள் முழுக்க நடக்கின்றன.

பலம் முதலில் வருவது நரம்பில். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பெரிதாக மாறுவதில்லை. இருக்கிற தசையைக் கூடுதலாக வேலை வாங்க மூளை பழகுகிறது. அதன் பிறகுதான் நார்கள் தடிக்கும். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுகிற பையன்கள் விளைச்சலுக்குச் சற்று முன்னால் வயலைக் கைவிடுகிறார்கள். தண்டால், தோப்புக்கரணம், கம்பியில் தொங்கி எழும்புதல், புத்தகம் நிரப்பிய பையை முதுகில் போட்டுக்கொண்டு படி ஏறுதல், இவை போதும். வாரத்தில் மூன்று நாள் செய்து, பாரத்தையோ எண்ணிக்கையையோ மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மிச்சமெல்லாம் சாப்பாடும் நித்திரையும்.

சாப்பாடு என்றதும் இது பையனின் தனி விஷயமாக இருப்பது நின்றுவிடுகிறது. தசை கட்ட விரும்புகிறவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஐம்பது கிலோப் பையனுக்கு 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். மூன்று முட்டை, இரண்டு வேளை பருப்பு, ஒரு நல்ல துண்டு மீன், ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாடு, சோற்றிலிருந்தே கிடைக்கும் பங்கு எல்லாம் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். கனடா மாமா பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் புரத மா டின் இல்லாமலே நேராகும். பாணும் சம்பலும் தின்றுவிட்டு ரியூசனுக்கு ஓடுகிற நாளில்தான் நேராகாது.

ஆனால் அந்த மூன்று முட்டை யாருடையவை? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு முட்டை விலை ஏறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு இந்த நாடு போனது. அந்த மாதங்களில் பல வீடுகளில் ஒரு முட்டையைப் பொரித்து இரண்டாக வெட்டினார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் மூன்று முட்டை தின்றால் இன்னொருவர் தட்டில் குறையும். பெரும்பாலும் அது அக்காவின் தட்டு, அல்லது எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடும் அம்மாவின் தட்டு. குடும்ப விழுமியம் பற்றி மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம்: பணிவு, கட்டுப்பாடு, மானம், மரியாதை. மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்குப் போகிறது என்பதை வைத்து ஒரு வீட்டின் விழுமியத்தை அளக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நம் அம்மம்மாமாருக்கு இது தெரியாததல்ல. பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று தேடித் தேடிக் கொடுத்தார்கள். வளரும் உடம்புக்கு எது வேண்டும் என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். சடங்கு முடிந்ததும் ஏன் அந்தக் கவனமும் முடிந்துபோனது? மாதாமாதம் இரத்தம் இழக்கும் அந்தப் பிள்ளைக்கு முட்டையும் மீனும் தம்பிக்குக் குறையாமல் வேண்டும். உடம்பு கட்டப்போகிறேன் என்று கிளம்புகிற பையன் தன் முட்டையைத் தானே அவிக்கட்டும். அவிக்கும்போது அக்காவுக்கும் சேர்த்து அவிக்கட்டும்.

உடற்பயிற்சி என்றதும் பெற்றோர் காட்டும் தயக்கத்தையும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. போர்க்காலக் கொழும்பில் ஒரு தமிழ் இளைஞனின் உடம்பு அவனுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. சோதனைச் சாவடியில் தழும்பு இருந்தால் போராளியோ என்ற கேள்வி வரும். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அந்த வருடங்களில் பிள்ளை வளர்த்த தாய்மார், மகன் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று வேண்டினார்கள். வீட்டுக்குள் இரு, புத்தகத்தைப் பார், வெளியே போகாதே. அந்தப் பயம்தான் இன்று "ஜிம்முக்குப் போனா படிப்புக் கெடும்" என்ற உருவத்தில் மிஞ்சியிருக்கிறது. அது அன்பிலிருந்து வந்தது. ஆனால் இன்றைய பதினைந்து வயதுக்காரன் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை.

அதற்கும் முந்திய ஒரு மரபு இதே நகரத்தில் உண்டு. 1897 ஜனவரி 15இல் விவேகானந்தர் மேற்கிலிருந்து திரும்பிக் கொழும்பில் கரையிறங்கினார். சில வாரங்களில் சென்னையில் பேசும்போது, கீதை படிப்பதை விடக் கால்பந்து ஆடுவதால் சொர்க்கத்தை நெருங்கலாம் என்றும், தசை கொஞ்சம் உரமேறினால் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்றும் இளைஞர்களிடம் துணிந்து சொன்னார். 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில், அவர் பெயர் தாங்கிய மேட்டில் இன்றும் நிற்கிறது. அந்தச் சபையின் சைவ சமயப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

தசை சேர்க்க இன்னொரு காரணம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது. எத்தனை வீடுகளில் அப்பாவுக்கும் அப்பப்பாவுக்கும் சீனி வருத்தம்! தெற்காசியர் பார்க்க மெலிந்திருந்தாலும் தசை குறைந்து, கொழுப்புக் கூடிய உடம்போடு பிறக்கிறார்கள் என்பதைப் புனேயில் மருத்துவர் யாக்னிக் குழந்தைகளை அளந்து காட்டினார். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். ஒல்லிப் பையன் சேர்க்கும் ஒவ்வொரு கிலோத் தசையும் நாற்பது வயதில் அவனுக்கு உதவும்.

நித்திரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணித்தியாலம் வேண்டும், நம் ரியூசன் அட்டவணை அதைத் தின்றுவிடுகிறது. ஆனால் ஸ்டீரோய்டு ஊசியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2018இல் தாய்லாந்தில் நடந்த உலக ஆணழகர் போட்டியில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தங்கம் வென்ற நம் லூசியன் புஷ்பராஜின் படத்தைக் கைபேசியில் வைத்திருக்கும் பையன்கள், அந்த உடம்பு பல வருட வேலை என்பதை மறந்து மூன்று மாதத்தில் கேட்கிறார்கள். அந்த அவசரத்தைப் பார்த்து ஸ்டீரோய்டு நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வளரும் வயதில் அது எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடும். உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹோர்மோனை நிறுத்திவிடும். வீட்டில் கேலி செய்யப்படுகிற பையன் இதைப் பற்றி வீட்டில் வாய் திறக்கமாட்டான். சொல்வதைக் கேட்க வீட்டில் ஒரு காது கிடைத்தவன் வாங்கும் முன்னரே கேட்பான்.

கட்டிய பலத்துக்கு வீட்டுக்கு வெளியேயும் வேலை உண்டு. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் முதியவர்கள் நிறையப் பேர். மின்தடை வந்து லிப்ட் நின்றால் நாலாம் மாடிக்கு அரிசிப் பை போகாது. காஸ் சிலிண்டரும் போகாது. பயிற்சிக்குப் பாரம் தேடுகிற பையனை அந்த அம்மம்மாவின் வாசலுக்கு அனுப்புங்கள். கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருக்கவும் அவருக்குப் பழக்கிக் கொடுக்கட்டும். அவருடைய தசையும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.