நாற்பத்தைந்தாம் நாள் இரவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் வேறு சில தேயங்களிலும் உயர்தரப் பாடசாலை மாணவர் ஆண்டுதோறும் தை மாதத் தொடக்கத்திலே ஒரு யந்திரத்தை ஆக்கத் தொடங்கி, பங்குனியளவில் அதனைப் போட்டிக் களத்தில் இறக்குகின்றனர். 'றோபோ' எனப்படும் அவ்வியந்திரம் பந்தெடுப்பதையும் படியேறுவதையும் படங்களிற் கண்டு வியந்தோர் நம் மாணவருள்ளும் உளர். நாம் இங்கு விளக்கப் புகுவது அக்களத்தையன்று; அதற்கு முன்னுள்ள ஆக்க வேலையின் கடைசி வாரத்தையே. 2019 ஆம் ஆண்டுவரை அவ்வாரத்திற்குத் திட்டமான ஒரு முடிவிருந்தது. குறித்த நாளின் நள்ளிரவுக்கு முன் யந்திரத்தைப் பையிலிட்டு முத்திரை வைத்துவிடல் வேண்டும். அந்த விதி எவ்வாறு தோன்றியது, அதற்குட்பட்டு மாணவர் யாது செய்தனர், பின்னர் அஃது ஏன் நீக்கப்பட்டது என்பன பொறியியல் பயிலாதாரும் அறியத்தக்கன.

டீன் கேமன் என்னும் புத்தாக்குநர் 1989 இல் 'பேர்ஸ்ற்' என்னும் நிறுவனத்தைத் தொடக்கினார். மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் வூடி பிளவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். தம் மாணவர்க்குப் பலவகைச் சிறு பொருள்களைக் கொடுத்து, அவற்றைக்கொண்டு ஒரு பொறியை ஆக்கி ஒருவரோடொருவர் போட்டியிடச் செய்து வடிவமைப்புக் கலையைக் கற்பித்தவர் பிளவர்ஸ். அம்முறையே பாடசாலைகளுக்கு விரிந்ததென்னலாம். முதற் போட்டி 1992 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்ரர் நகரில், ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்திலே 28 அணிகளோடு நடந்தது. முன்னாளில் அணிகள் தம் யந்திரத்தை மரப்பெட்டியில் அடைத்துப் போட்டி நடக்கும் ஊருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவர். ஆதலின் வேலை முடியும் நாளை முதலில் விதித்தது பொதிவண்டியே எனலாம். பெட்டி போய்ப் பை வந்தபோதும் அந்நாள் நிலைத்தது. எல்லார்க்கும் ஒரே கால அளவு என்னும் நியாயம் அதற்கு உயிர் கொடுத்தது.

அவ்விதி நிலவிய இறுதியாண்டாகிய 2019 ஐயே எடுத்துக்கொள்வோம். விளையாட்டு ஆண்டுக்காண்டு மாறும். தொடக்க நாள்வரை அது மறைபொருள். அவ்வாண்டு ஜனவரி 5 இல் வெளிப்பட்டது. பெப்ரவரி 19 நள்ளிரவில் பை மூடவேண்டும். இடையிலிருந்தவை 45 நாள்கள். களம் 54 அடி நீளமும் 27 அடி அகலமும் உடையது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு யந்திரங்கள் பொருதும். ஓராட்டம் 150 செக்கன் மட்டுமே. முதல் 15 செக்கனும் ஓட்டுநருக்கு முன்னே திரை வீழ்ந்திருக்கும்; ஒளிப்படக்கருவியை நம்பியோ, முன்பே எழுதிவைத்த கட்டளைகளை நம்பியோதான் யந்திரம் அசையவேண்டும். 19 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டுகளை உரிய துவாரங்களிற் பொருத்தினால் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. 13 அங்குலப் பந்தை உள்ளே இட்டால் 3 புள்ளி. ஈற்றில் 19 அங்குல உயரமுள்ள மேடைமீது ஏறி நின்றால் 12 புள்ளி.

முதற் கிழமைகளில் மாணவர் மரத்தாலும் தகரத்தாலும் மாதிரிகள் செய்து பார்ப்பர். அக்காலத்தில் எதுவும் இயலும்போலத் தோன்றும். கரும்பலகையில் வரையப்பட்ட யந்திரத்துக்கு எடையில்லையன்றோ! கடைசி வாரத்திலேதான் தராசு வருகின்றது. மின்கலவடுக்கும் மோதல் தாங்கும் மெத்தைகளும் நீங்கலாக யந்திரம் 125 இறாத்தலுக்கு மேற்படலாகாது. தராசு 131 எனக் காட்டினால் ஆறு இறாத்தலை எங்ஙனம் குறைப்பது? அலுமினியச் சட்டங்களிலே வரிசை வரிசையாகத் துளையிடுவர். உருக்காணிகளை எடுத்து இலேசானவற்றை இடுவர். இரண்டு நாள் துளைத்தும் இரண்டு இறாத்தல் குறையாதபோது, ஓர் உறுப்பையே கழற்றுவதா என்னும் வினா எழுகின்றது.

பெரும்பாலும் அவ்வினா ஏறுங்கருவியைப் பற்றியதாகவே அமையும். மேடையேறல் 12 புள்ளி தரும்; அது நான்கு பந்துகளுக்கு ஈடு. நான்கு பந்துகளைத் தவறாது இடும் கை ஏற்கனவே உண்டாயின், பத்துமுறை முயன்று மூன்றுமுறை மட்டும் ஏறும் கருவியை ஏன் சுமக்கவேண்டும்? கணக்கு எளிது; ஒப்புக்கொள்ளல் எளிதன்று. அக்கருவியை ஐந்து கிழமை இருந்து செய்தவன் அதே அறையில் நிற்கின்றான். கடைசி வாரத்தின் பெரும்பணி சேர்ப்பதன்று, விடுவதே என்பதை அனுபவமுள்ள அணிகள் அறியும். புதிய அணிகளோ ஈற்று நாளிலும் புதிதாக ஓருறுப்பைப் பூட்டிக்கொண்டிருக்கும். பரீட்சை மண்டபத்திலே கடைசிப் பத்து நிமிடத்தில் புதிய வினாவொன்றைத் தொடங்குவோரை நம் ஆசிரியர்கள் நன்கறிவர்.

இவ்வாரத்திலே பெரிதும் அல்லற்படுவோர் கட்டளை எழுதும் மாணவரே. உலோக வேலை செய்வோர் முடித்து மின்கம்பி பூட்டுவோரிடம் கொடுப்பர். அவர் முடித்து இவரிடம் கொடுப்பர். முன்னையோர் தாமதித்த நாளெல்லாம் இவர் தலையிலே வந்து விழும். மேசையிலிருந்து எழுதிய கட்டளை தளத்தில் அப்படியே பலிப்பதில்லை. சில்லு வழுக்கும், கை எண்ணிய இடத்துக்கு அப்பாற் சென்று மீண்டும் ஆடும், ஒவ்வோரெண்ணையும் யந்திரத்தை ஓட்டி ஓட்டித்தான் திருத்தவேண்டும். அதே நேரத்தில் ஓட்டுநரும் பழகவேண்டும். ஆணி முறுக்கவேண்டியவரும் காத்திருப்பர். ஒரே யந்திரத்துக்கு மூன்று உரிமையாளர். அவர்களுக்கு நேரம் பங்கிட்டுக் கொடுக்கும் மாணவன், நம் கணிப்பில், அணியிலே மிகக் கடினமான வேலையைச் செய்பவன்.

முன்னறியாத கோளாறுகளும் இப்போதே வெளிப்படும். யந்திரம் விரைந்தோடத் தொடங்கும்போது ஒரு கணம் உயிரற்று நிற்கும். கட்டளையிலே பிழை தேடி இரவெல்லாம் கழிப்பர், பிழையோ அங்கில்லை. வலு தருவது 12 வோல்ற்று மின்கலவடுக்கு. அசையாது நிற்கும் ஒரு பெரிய மோட்டாரைத் திடீரென முழுவலுவில் இயக்கின், அஃதொன்றே 130 அம்பியர்வரை இழுக்க முயலும். பல மோட்டார்கள் ஒருங்கே இழுக்கையில் மின்னழுத்தம் வீழ்கின்றது. அஃது ஏறத்தாழ 6.3 வோல்ற்றுக்குக் கீழிறங்கினால், அந்நாளைய கட்டுப்பாட்டுக் கணினி தன்னைக் காக்கும்பொருட்டு மோட்டார்களை நிறுத்திவிடும். பழைய மின்கலவடுக்கும் தளர்ந்த இணைப்பும் இதனை மேலும் எளிதாக்கும். ஆகையால் ஒவ்வொரு கம்பியையும் கையாற் பிடித்து இழுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. கழன்று வந்தால் நன்று, களத்திலே கழலாதன்றோ.

மோதல் மெத்தைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒட்டுப்பலகைமேல் மென்னுருளைகளை வைத்துச் சிவப்பு அல்லது நீலத் துணி போர்த்து, அணியின் இலக்கம் பொறித்துச் செய்யப்படுவன அவை. அவையின்றி யந்திரம் ஆட்டத்தில் இறங்கமுடியாது. ஆயினும் துணி தைப்பதிற் புகழில்லையாதலின், பல அணிகளில் அவ்வேலை ஈற்றிரவுவரை ஒருவர் கையிலும் அகப்படாது கிடக்கும்.

நள்ளிரவு நெருங்கியதும் யந்திரத்தைப் பெரிய பொலித்தீன் பையினுள் இறக்கி, இலக்கமிட்ட பூட்டுநாடாவால் வாயைக் கட்டி, அவ்விலக்கத்தைப் படிவத்திற் பதிவர். மாணவரல்லாத, 18 வயது நிரம்பிய ஒருவர் ஒப்பமிடவேண்டும். பையிலே ஆசிரியரின் கண்காணிப்பு இல்லை. அறையிலே காவலரும் இல்லை. நேர்மையொன்றே காவல். நள்ளிரவுக்கு மேல் ஐந்து நிமிடம் திருடினால் யாரறிவர்? அப்படியிருந்தும் அவ்வொப்பம் பல்லாண்டு மதிக்கப்பட்டு வந்தது.

ஆனால் ஒப்பத்தை மீறாமலே விதியைக் கடக்க ஒரு வழியிருந்தது. பணமும் பட்டறையும் உள்ள அணிகள் ஒரே அச்சில் இரண்டு யந்திரங்களைச் செய்தன. ஒன்று பையிலே உறங்கும். மற்றொன்றில் ஓட்டுநர் கிழமைக்கணக்காகப் பழகுவர், கட்டளை எழுதுவோர் எண்களைத் திருத்துவர். அங்கே கண்ட திருத்தத்தை, அனுமதிக்கப்பட்ட 30 இறாத்தல் உதிரிப் பாகங்களாகப் போட்டிக்குக் கொண்டுசென்று பூட்டிக்கொள்வர். ஒன்றுக்கே அல்லாடிய அணி பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அனைவர்க்கும் சமமென விதித்த எல்லை, இல்லாதாரை மட்டும் கட்டிப்போட்டது. 2020 முதல் பையில்லை என்று 2018 இலேயே அறிவித்தமைக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

நீக்கியதை எல்லாரும் வரவேற்றாரல்லர். ஆறு கிழமையோடு ஓய்ந்த உறக்கமின்மை இனிப் பத்துக் கிழமைக்கு நீளும், வழிகாட்டும் ஆசிரியரும் பெற்றோரும் களைத்துப்போவர் என்றனர் சிலர். அவ்வச்சம் பொய்யன்று. எனினும் நாம் நீக்கியவர் பக்கமே நிற்கின்றோம். ஓய்வை ஓரணி தானே விதித்துக்கொள்ளலாம். இரண்டாம் யந்திரத்தைத் தானே விதித்துக்கொள்ள முடியாது. புதிய முறையின் முதலாண்டு முழுமை பெறவில்லை. 2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்றால் போட்டிகள் இடைநின்றன.

இன்று ஒவ்வோரணிக்கும் அதனதன் முதற் போட்டி நாளே எல்லை. வேலை முடியாத யந்திரங்கள் இன்றும் வந்து சேர்கின்றன. 2019 ஒக்டோபரில் மறைந்த பிளவர்ஸ், போட்டியிட்டுக்கொண்டே எதிரியை மதித்து உதவும் பண்பை இவ்வணிகளிடையே வழக்காக்கியிருந்தார். ஆகவே மண்டபத்திலே ஓரணிக்கு மோட்டார் இல்லையென ஒலிபெருக்கியில் அறிவித்தால், பிற்பகல் அவ்வணியையே எதிர்த்து ஆடவிருப்போர் தம் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவருகின்றனர். கட்டளை எழுதத் தெரிந்த வேற்றூர் மாணவி ஒருத்தி தரையில் அமர்ந்து அவர்கள் கணினியைத் தன் மடிமீது வைத்துக்கொள்கின்றாள். அப்பாலொருவன் சிவப்புத் துணியை ஒட்டுப்பலகையில் இன்னும் அறைந்துகொண்டிருக்கின்றான்.