"அப்பா, குளிச்சாச்சா?"

(கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போனால் வரும் மேல்மலைக் கிராமம் கவுஞ்சி. அங்கே மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் ஒரு தந்தை, தன் வீட்டில் நடந்ததை நம் வாசகர்களுக்குச் சொல்கிறார்.)

எங்க ஊரில் ஸ்வெட்டர் என்பது குளிர்கால உடுப்பு இல்லைங்க. அது இன்னொரு தோல் மாதிரி. காலையில் கண் விழிக்கும்போதும் உடம்பில் இருக்கும். ராத்திரி கம்பளிக்குள் நுழையும்போதும் இருக்கும். மார்கழி, தையில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்புத் தூவினது போல் வெளுத்துக் கிடக்கும். மூடுபனி நாட்களில், துவைத்துப் போட்டது மூன்று நாளானாலும் காயாது. அதனால் ஸ்வெட்டரை யாரும் அடிக்கடி துவைப்பதில்லை. நானும்தான்.

இந்தச் சாதாரண விஷயம் என் மகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது என்றால் நம்புவீர்களா?

எங்களுக்குப் பூண்டுதான் சோறு. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால், வடுகபட்டி சந்தையில் மூட்டையை அவிழ்க்கும்போது என்ன விலை சொல்கிறார்களோ, அதை வைத்துத்தான் எங்கள் வருஷம் ஓடும். இலைப்பேன் விழுந்தால் தாள் வெளுத்துச் சுருண்டுவிடும். பூண்டு பருக்காது. அதனால் மருந்து அடித்தே ஆகவேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், நாலு டேங்க் மருந்து அடித்தேன். முதுகில் மாட்டுகிற ஸ்பிரேயரின் மூடி சரியில்லை. குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகில் ஈரம் இறங்கியது. பனியோடு பனி என்று விட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் பாப்பா நின்றாள். அப்போது அவளுக்கு நாலு வயசு. நான் வந்ததும் உப்புமூட்டை ஏறாமல் விடமாட்டாள். ஏறினாள். முதுகில் கன்னத்தைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அவளைச் சுமந்தபடியே கடைக்குப் போனேன், பூண்டு விலை பேசினேன், வரக்காப்பி குடித்தேன். முக்கால் மணி நேரம் இறக்கவே இல்லை. பிள்ளை முதுகில் தூங்குகிற சுகம் இருக்கிறதே, அது அனுபவித்த அப்பாக்களுக்குத் தெரியும்!

ராத்திரி எனக்குத் தலைவலி, குமட்டல். வெறும் வயிற்றில் காப்பி குடித்த பித்தம் என்று படுத்துவிட்டேன். பத்து மணிக்கு மேல் பாப்பா வாந்தி எடுத்தாள். வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது. "பிள்ளைக்குப் பனி இறங்கிருச்சுப்பா" என்று என் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். என் மனைவிதான் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, இந்தக் குளிர்ல பிள்ளைக்கு எப்படிங்க வியர்க்கும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் அவளைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜீப் பிடித்துக் கொடைக்கானலுக்கு ஓடினோம். மலைப்பாதை, கும்மிருட்டு, எதிரே பனி. பிள்ளைக்குக் குளிருமே என்று வழி முழுக்க அவளை என் ஸ்வெட்டருக்குள்ளேயே பொத்தி வைத்துக்கொண்டு போனேன். இதைச் சொல்லும்போது இப்பவும் கை நடுங்குதுங்க.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் பாவை குண்டூசி முனைபோலச் சுருங்கியிருந்தது. உடனே என் பக்கம் திரும்பினார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"விவசாயம்ங்க."

"இதே ஸ்வெட்டரோடதான் மருந்து அடிச்சீங்களா? முதல்ல அதைக் கழற்றி வெளியே போடுங்க!"

பாப்பாவின் உடுப்பையும் கழற்றி, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அட்ரோபின் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில்தான் பிள்ளை இட்லி கேட்டாள்.

வாயில் போனால்தானே விஷம் என்று அதுவரை நினைத்திருந்தேன். டாக்டரம்மா விளக்கினார். நான் அடித்தது ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து. தோல் வழியாகவே உள்ளே போகும். நம் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுத்தான் தசைகளையும் சுரப்பிகளையும் வேலை வாங்குகின்றன. வேலை முடிந்ததும் அதை அழிக்க ஒரு என்சைம் உண்டு. இந்த மருந்து அந்த என்சைமை முடக்கிவிடும். திறந்த குழாயை மூட ஆளில்லாத கதைதான்! எச்சில், வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, கடைசியில் மூச்சுத்திணறல். பூச்சி சாவதும் இப்படித்தானாம். பெரியவரைத் தலைவலியோடு விடுகிற அளவு, சின்ன உடம்புக்கு மிக அதிகம்.

'நமக்கென்ன, நாம் விவசாயியா?' என்று நகரத்து அப்பாக்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பேட்டரிப் பட்டறை ஈயத்தூளும் இப்படி உடுப்பில் ஏறி வீட்டுக்கு வரும். லண்டனில் 1965-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் வீட்டாருக்கும் நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்திருந்தது. அவர்களில், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்துப் போட்ட மனைவிகளும் இருந்தார்கள்.

எங்கப்பா வெறுங்கையால் வாளியில் மருந்து கலக்குவார். அவர் என்னைத் தூக்கிக் கொஞ்சியதாக ஞாபகமே இல்லை. கண்டிப்பான மனுஷர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மருந்து நாறும் கையோடு பிள்ளையைத் தொட வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பாரோ? கேட்க அவர் இல்லை.

மருந்தையே விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். குறைத்திருக்கிறேன். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறேன். சிவப்புதான் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. ஸ்பிரேயர் மூடிக்குப் புது வாஷர் போட்டேன். ஒரு சின்ன ரப்பர் வளையம்! அதைத்தான் அத்தனை நாள் தள்ளிப் போட்டிருந்தேன். மருந்தடிக்க முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி தனி. அவை தோட்டத்துக் கொட்டகையோடு சரி. துவைப்பதும் தனி வாளியில்தான். ஸ்வெட்டர் வீட்டில் ஆணியில் தொங்கும். குளிர் பொறுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். பெயர் தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

பாப்பாவுக்கு இப்போது எட்டு வயசு. சாயங்காலம் நான் வந்தால் வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள்.

"அப்பா, குளிச்சாச்சா?"

"குளிச்சாச்சும்மா."

நம்பமாட்டாள். தலையைக் குனியச் சொல்லி மோந்து பார்ப்பாள். சோப்பு வாசனை வந்தால்தான் முதுகில் ஏறுவாள். இப்போதெல்லாம் நன்றாகவே கனக்கிறாள். இடுப்பு வலிக்குதும்மா என்றால் அதையும் நம்புவதில்லை.