அடி தாங்குபவருக்கு 'போதும்' என்று யார் சொல்வது? சென்னை ரிங்கில் ஏறிய முகமது அலியின் கதை

வீக்எண்ட் வந்தால் ஈசிஆரில் வண்டியை விடுகிறோம். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் ஒரு செல்ஃபி, வறுத்த மீன், ரிட்டர்ன். ஆனால் மாமல்லபுரம் என்ற பெயரே ஒரு சண்டைக்காரரின் பட்டம் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? 'மாமல்லன்' என்றால் பெரிய மல்லன், மற்போரில் வல்லவன். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு இருந்த பட்டம் அது.

அந்தக் கடற்கரையிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் வந்தால் சென்னை நேரு ஸ்டேடியம். 1980-ன் தொடக்கத்தில் அங்கே இன்னொரு மாமல்லன் ரிங்கில் ஏறினார். பெயர் முகமது அலி. பார்க்க வந்தவர்களில் அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆரும் ஒருவர்.

அப்போது அலிக்கு 38 வயது. அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வை அறிவித்துவிட்டார். சென்னையில் நடந்தது நிஜ மோதல் இல்லை, காட்சிப் போட்டிதான். கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஹெவிவெயிட் என்றால் என்ன?

குத்துச்சண்டையில் எடையை வைத்துத்தான் பிரிவு. அலியின் காலத்தில் 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோவைத் தாண்டினால் ஹெவிவெயிட். இன்று தொழில்முறை ஆட்டத்தில் அந்த எல்லை 200 பவுண்டு, சுமார் 91 கிலோ. மற்ற பிரிவுகளில் 'இதற்கு மேல் கூடாது' என்று ஒரு வரம்பு உண்டு. ஹெவிவெயிட்டில் அது கிடையாது. எதிரே நிற்பவர் 120 கிலோ இருந்தாலும் மோதித்தான் ஆக வேண்டும்.

ஒலிம்பிக் பாணி அமெச்சூர் ஆட்டம் மூன்று ரவுண்டில் முடிந்துவிடும். தொழில்முறை பட்டப் போட்டி இப்போது 12 ரவுண்டு. அலி ஆடியபோது 15. ஒரு ரவுண்டுக்கு மூன்று நிமிடம் என்றால் 45 நிமிடம். 1982-ல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ ஒரு பட்டப் போட்டியில் அடிபட்டு இறந்த பிறகுதான் 15-ஐ 12 ஆகக் குறைக்கும் வேலை தொடங்கியது.

சைக்கிள் திருட்டில் தொடங்கிய கரியர்

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1942 ஜனவரி 17-ல் பிறந்தவர் கேசியஸ் கிளே. 12 வயதில் அவருடைய சைக்கிள் காணாமல் போனது. திருடியவனை அடிக்கப்போகிறேன் என்று ஒரு போலீஸ்காரரிடம் கொதித்தான் பையன். "முதலில் சண்டை போடக் கத்துக்கோ" என்ற பாணியில் பதில் சொன்ன அந்த போலீஸ்காரர் ஜோ மார்ட்டின், ஓய்வு நேரத்தில் குத்துச்சண்டை கோச். ஆறு ஆண்டுகளில் ரோம் ஒலிம்பிக் தங்கம் வந்தது.

1964-ல் சோனி லிஸ்டனைத் தோற்கடித்து, 22 வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன். லிஸ்டன் ஏழாவது ரவுண்டுக்கு எழுந்தே வரவில்லை. அடுத்த சில நாட்களில் இஸ்லாமியப் பெயரை ஏற்று முகமது அலி ஆனார்.

அந்தக் கால அலியின் ரகசியம் கை அல்ல, கால். ஹெவிவெயிட் உடம்பை வைத்துக்கொண்டு லைட்வெயிட் வீரர் மாதிரி நகர்ந்தார். கைகளைத் தொங்கவிட்டபடியே தலையைப் பின்னால் சாய்த்துத் தப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், அவர் மேல் அடியே விழவில்லை.

1967-ல் வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிபோனது, ஆட்ட உரிமமும் போனது. ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை. 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் 25 முதல் 28 வயது வரை, ஒரு வீரரின் உச்சத்தில், மூன்றரை ஆண்டுகள் அவர் ரிங்கில் இல்லை.

திரும்பி வந்தபோது என்ன மாறியது?

திரும்பி வந்த அலியின் கால்களில் பழைய வேகம் இல்லை. அதற்குப் பதிலாக அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். தன்னால் அடி தாங்க முடியும் என்பதுதான் அது. உலகம் கொண்டாடும் அலியின் பெரிய வெற்றிகள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை. அவர் உடம்பைத் தின்றவையும் அவைதான்.

• 1971, நியூயார்க்: ஜோ ஃப்ரேசியருடன் 15 ரவுண்டு. கடைசி ரவுண்டில் கீழே விழுந்து எழுந்தார். முதல் தோல்வி.
• 1973: கென் நார்ட்டனுடன் மோதியதில் தாடை உடைந்தது. உடைந்த தாடையுடனே ஆடி முடித்தார்.
• 1974, கின்ஷாசா: ஜார்ஜ் ஃபோர்மனைச் சோர்வடைய வைக்க, கயிற்றில் சாய்ந்து வேண்டுமென்றே குத்துகளை வாங்கினார். எட்டாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார்.
• 1975, மணிலா: ஃப்ரேசியருடன் 14 ரவுண்டு. ஃப்ரேசியரின் கோச் நிறுத்தியதால் வெற்றி. சாவுக்கு மிக அருகில் போய் வந்ததுபோல் இருந்தது என்று பிறகு அலியே சொன்னார்.
• 1977: எர்னி ஷேவர்ஸின் இடி மாதிரியான குத்துகளை 15 ரவுண்டும் தாங்கினார்.
• 1978: வெறும் ஏழு தொழில்முறைப் போட்டி ஆடியிருந்த லியோன் ஸ்பிங்க்ஸிடம் தோல்வி. ஏழு மாதத்தில் பட்டத்தை மீட்டு, மூன்று முறை ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் வீரர் ஆனார்.

ஷேவர்ஸ் போட்டிக்குப் பிறகு முக்கியமான ஒன்று நடந்தது. அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, அவருடைய சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு 'நிறுத்துங்கள்' என்றார். யாரும் கேட்கவில்லை. டாக்டர்தான் குழுவிலிருந்து விலகினார்.

சென்னையில் அந்த நாள்

இந்தப் பின்னணியோடுதான் அலி 1980-ல் இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் ராணுவ வீரர் கவுர் சிங்குடன் ஒரு காட்சிப் போட்டி. சென்னையில் ஜிம்மி எல்லிஸுடன் இன்னொன்று.

எல்லிஸ் சாதாரண ஆள் இல்லை. அலியின் ஊர்க்காரர், சின்ன வயது நண்பர், பயிற்சியில் கூடவே மோதும் ஸ்பாரிங் பார்ட்னர். அலி தடையில் இருந்த காலத்தில் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தவர். கண்ணில் காயம் பட்டு 1975-லேயே ஓய்வு பெற்றிருந்தார்.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையை வளர்த்த நகரம் சென்னை. 'ரோஷமான ஆங்கில குத்துச்சண்டை'க்கு டிக்கெட் வாங்கிப் பழகிய ரசிகர்கள் இங்கே இருந்தார்கள். 2021-ல் வந்த பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' காட்டியது இந்த உலகத்தைத்தான். அப்படிப்பட்ட ஊரில் அலி ரிங்கில் ஏறினால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே இந்தியப் பயணத்தின்போதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டர், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசச் சொல்லி அலியை அனுப்பினார். இந்தியாவிலிருந்து அவர் நேராகத் தான்சானியா பறந்தார். தூது பெரிதாக எடுபடவில்லை. இந்தியாவோ மாஸ்கோ போனது. தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கி தங்கமும் வென்றது.

அலி ஏன் மறுபடி ரிங்குக்குப் போனார்?

இரண்டு காரணங்கள். ஒன்று, நான்காவது முறை சாம்பியன் ஆகும் ஆசை. இன்னொன்று, பணம். கோடிக்கணக்கில் சம்பாதித்த அலியைச் சுற்றி ஒரு பெரிய கூட்டமே இருந்தது. விவாகரத்துகள், வரி, கைகொடுக்காத முதலீடுகள் என்று வந்த வேகத்தில் பணம் போனது. லாரி ஹோம்ஸுடன் மோத அவருக்குப் பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 80 லட்சம் டாலர்.

போட்டிக்கு முன் மாயோ கிளினிக்கில் பரிசோதனை நடந்தது. விரலால் மூக்கு நுனியைச் சரியாகத் தொடுவதிலும், ஒற்றைக் காலில் குதிப்பதிலும் தடுமாற்றம் இருந்தது அறிக்கையில் பதிவானது. ஆனாலும் உரிமம் கிடைத்தது.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். ஹோம்ஸ் வேறு யாரும் அல்ல, அலியின் பழைய ஸ்பாரிங் பார்ட்னர். பத்து ரவுண்டு செம அடி. மூன்று நடுவர்களும் பத்து ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். அடிப்பவரே மனம் பொறுக்காமல் போட்டியை நிறுத்தச் சொல்லி ரெஃபரியைப் பார்த்தார். கடைசியில் கோச் ஏஞ்சலோ டன்டி 'போதும்' என்றார். நேரு ஸ்டேடியத்தில் சென்னை ரசிகர்கள் கைதட்டி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதுவும் கடைசி இல்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்குடன் ஒரு போட்டி. ரவுண்டு மணிகூட இல்லாமல் மாட்டுக் கழுத்து மணியை அடித்து நடத்தினார்கள். அதில் தோற்ற பிறகே ஓய்வு. மொத்தம் 61 போட்டி, 56 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் மூன்று, கடைசி நான்கு போட்டிகளில் வந்தவை.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. குத்து விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. உள்ளே மூளை மிகச் சற்றே பிந்தித் திரும்பும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. மயக்கம் வரவேண்டும் என்று அவசியம் இல்லை. சின்னச் சின்ன அடிகள் வருடக்கணக்கில் சேர்ந்தாலே போதும். ரிங்கில் வாங்குவதைவிட தினசரி ஸ்பாரிங்கில் வாங்குவது அதிகம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அலிக்கு 1984-ல் பார்கின்சன் அறிகுறிகள் இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். அதற்குக் குத்துச்சண்டை எந்த அளவுக்குக் காரணம் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவருடைய பழைய டிவி பேட்டிகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையே அவருடைய பேச்சு வேகம் 26 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே, குரல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. வாய்ப் பேச்சுக்குப் பேர்போன மனிதரின் குரல் அது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு ஜோதி ஏற்றிய அலியை உலகமே பார்த்தது. 2016 ஜூன் 3-ல், 74 வயதில் இறந்தார். சென்னை ரிங்கில் அவரோடு நின்ற எல்லிஸ், குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் மறதி நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டு 2014-ல் காலமானார். அன்று நேரு ஸ்டேடியத்தில் கைதட்டல் வாங்கிய இரண்டு பேருக்கும் மூளைதான் விலை.

நமக்கு இதில் என்ன?

டெல்லியில் அலியுடன் மோதிய கவுர் சிங், 1982 ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். பத்மஸ்ரீயும் கிடைத்தது. அதே கவுர் சிங் இதய சிகிச்சைக்காகக் கடன் வாங்கிக் கஷ்டப்பட்டது 2017-ல் செய்தியானது. பிறகுதான் உதவிகள் வந்தன. 2023-ல் இறந்தார். கோடி சம்பாதித்தவரானாலும் சரி, பதக்கம் மட்டும் சம்பாதித்தவரானாலும் சரி, ரிங்கை விட்டு இறங்கிய பிறகான வாழ்க்கைக்கு யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அமெச்சூர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் போட்டியும் கூடாது, ஸ்பாரிங்கும் கூடாது என்பது விதி. ஆனால் விதி புத்தகத்தில் இருக்கும். அன்றாடம் ஜிம்மில் இருப்பவர் கோச்தான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில்தான் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாளைய உடற்கல்வி ஆசிரியர்களும் கோச்களும் உருவாகும் இடம் அது. ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ குத்தக் கற்றுக்கொடுப்பது அவர்கள் வேலையில் பாதி. பச்சேகோ மாதிரி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'நிறுத்து' என்று சொல்வது மீதிப் பாதி.

உங்கள் வீட்டில் யாராவது கிளவ்ஸ் மாட்டுகிறார்களா? பயிற்சிக்குச் சேர்க்கும்போது ஃபீஸோடு சேர்த்து இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஸ்பாரிங்? தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ரெஸ்ட்? 'போதும்' என்று முடிவெடுப்பது யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடமாக இருந்தால், வேறு இடம் பாருங்கள்.