உழவு யந்திரத்தின் கியர் எண்ணெயை மாற்றுதல்

பெரும்போக மழை பெய்து சேறடிப்பு வேலை மும்முரமாய் நடக்கும் வேளையில், கலப்பையை உயர்த்தும் தூக்கி எழாது நின்றுவிடுமாயின் கமக்காரருக்கு நேரும் நட்டம் சிறிதன்று. யந்திரத்தைத் திருத்தி முடிப்பதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிடும். கியர்ப் பெட்டியினுள் நீர் புகுதல் இப்பழுதுக்கு முக்கியமானதொரு காரணமாகும். இதனை வீட்டு முற்றத்திலேயே கண்டறிந்து, எண்ணெயை மாற்றிப் பழுதைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

ஓர் எண்ணெய், இரு வேலை

நம் நாட்டு வயல்களில் இன்றும் உழைத்துவரும் மசி பேர்குசன் 35, 1964இல் அறிமுகமான 135 ஆகிய பழைய யந்திரங்களில் கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சுப் பெட்டிக்கும் ஹைட்ரோலிக் தூக்கிக்கும் ஒரே எண்ணெயே பயன்படுகின்றது. தூக்கியின் பம்பியும் அவ்வெண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். ஆகவே, எண்ணெயிற் கலந்த நீரும் சேறும் கியர்களை மட்டுமன்றிப் பம்பியையும் கெடுக்கும். கியர் தடியின் அடியிலுள்ள இறப்பர் உறை வெடித்திருந்தால் மழைநீர் அதன் வழியாக இறங்கும். தேய்ந்த அச்சுச் சீல்களின் வழியாகச் சேற்றுநீரும் புகக்கூடும்.

சோதித்தல்

எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் போல வெளிறியிருப்பின் நீர் கலந்துள்ளது என்று கொள்ளலாம். நீர் எண்ணெயினும் பாரமானது. இரவு முழுதும் நின்ற யந்திரத்தில் அது அடியில் தங்கும். எனவே அதிகாலையில், யந்திரத்தை இயக்குமுன், அடித் திருகாணியைச் சிறிது தளர்த்தினால் நீரே முதலில் ஒழுகும். நீர் கண்டால், கைந்நூலிற் குறித்த தவணை வராவிடினும் எண்ணெயை மாற்றுதல் வேண்டும்.

மாற்றும் முறை

1. யந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்குக. இளகிய எண்ணெய் அழுக்கையும் உடன்கொண்டு வடியும்.

2. சமநிலத்தில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தூக்கியின் கைகளை முற்றாகத் தாழ்த்தி, எஞ்சினை நிறுத்துக. உயர்த்திய கலப்பையின் கீழ் ஒருபோதும் புகலாகாது.

3. ஏறக்குறைய 30 லீற்றர் கொள்ளும் பாத்திரங்களை ஆயத்தமாக்கி, அடித் திருகாணிகள் யாவற்றையும் கழற்றுக. ஒன்றை மட்டும் கழற்றினால் பழைய எண்ணெயிற் பகுதி உள்ளேயே தங்கிவிடும்.

4. ஆணியில் ஒட்டிய மென்மையான சாம்பல் நிறத் தூள் இயல்பான தேய்வாகும். மினுங்கும் இரும்புத் துண்டுகள் காணப்பட்டால் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுக.

5. ஆணிகளைப் பூட்டி, ஊற்றும் வாயைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின்னரே அதனைத் திறந்து, சுத்தமான புனலால் எண்ணெய் வார்க்க.

6. எஞ்சினை இயக்கித் தூக்கியைப் பன்முறை உயர்த்தித் தாழ்த்துக. பின் நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலைப் பார்த்துக் குறைவை நிரப்புக.

புதிய எண்ணெயும் விரைவில் வெளிறினால், எஞ்சிய நீர் அதிற் கலந்துள்ளது. மீண்டும் ஒருமுறை மாற்றுதல் அவசியம். வெடித்த உறையையும் தேய்ந்த சீலையும் மாற்றாது எண்ணெயை மட்டும் மாற்றுதல் வீண் செலவாகும்.

எண்ணெயைத் தெரிதல்

கைந்நூலிற் குறித்த உழவு யந்திர எண்ணெயையே வாங்குக. 140 எனத் தரங்குறித்த தடித்த கியர் எண்ணெயைப் பம்பி இலகுவில் உறிஞ்சாது. தானியங்கிக் கியர்க் கார்களுக்குரிய மெல்லிய சிவப்பு எண்ணெயும் இப்பெட்டிக்கு உரியதன்று.

கழிவு எண்ணெய்

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக் கற்படையின் வெடிப்புக்களினூடாக அது குடிநீரைச் சென்றடையக்கூடும். மூடியுள்ள கொள்கலத்தில் சேர்த்து, கழிவு எண்ணெய் ஏற்கும் வாகனத் திருத்தகத்திற் கொடுத்தலே நன்று.

மழைக்கு முன் ஒரு நாளை இவ்வேலைக்கு ஒதுக்கும் கமக்காரர், சேறடிப்பின் நடுவே பல நாட்களை இழக்கும் இடரினின்று தம்மைக் காத்துக்கொள்வர்.