‘ஒண்ணும் இல்லை சார்!’

ரக்பியில் கழுத்து முறிவதைத் தடுக்க ஓரளவு வழி கண்டுவிட்டார்கள். முன்பெல்லாம் ஸ்க்ரம் என்றால் பந்துக்காக இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் இடைவெளி விட்டு நின்று பாய்ந்து மோதுவார்கள். 2013-ல் விதி மாறியது. முன்வரிசைக்காரர்கள் எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மோதலாம். மோதும் விசை இதனால் கால்வாசி வரை குறைந்ததாக பாத் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. நியூசிலாந்து அதற்கும் முன்பே, 2001-ல், ‘ரக்பிஸ்மார்ட்’ என்ற பாதுகாப்புப் பாடத்தைத் தொடங்கி, பயிற்சியாளர்களையும் நடுவர்களையும் கட்டாயம் உட்காரவைத்தது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் இன்னொரு வேலை நடந்தது. ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் முன் 20 நிமிட உடற்பயிற்சி. ஒற்றைக் காலில் குதித்து ஆடாமல் இறங்க வேண்டும். கூட்டாளி கையால் தலையை அழுத்த, கழுத்தை வளையவிடாமல் எதிர்த்து நிற்க வேண்டும். வாரம் மூன்று முறை செய்த அணிகளில் மூளை அதிர்ச்சி 59 சதவீதம் குறைவு. காசு செலவே இல்லாத மருந்து. நேரம் போதாத நாளில் முதலில் கைவிடப்படுவதும் இதுவாகத்தான் இருக்கும்.

பந்தோடு ஓடிவருபவனைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளில் பிடிபடுபவனைவிடப் பிடிப்பவன் தலைக்குத்தான் ஆபத்து அதிகம். ஓடிவருபவனின் முன்னால் குறுக்கே தலையைக் கொடுத்தால் முழங்காலோ இடுப்பெலும்போ நேராகப் பொட்டில் இடிக்கும். தோள் தொடையில் பட வேண்டும். தலை அவன் பின்பக்கம் போக வேண்டும். ஃபிரான்சின் உள்ளூர் ஆட்டங்களில் 2019 முதல் இடுப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

எனக்குக் கவலையெல்லாம் அடிபட்டதை மறைக்கும் பையன்களைப் பற்றித்தான். கால் முறிந்தால் ஊருக்கே தெரியும். மண்டைக்குள் கலங்கினால் அவன் சொன்னால்தான் உண்டு. அவனோ ‘ஒண்ணும் இல்லை சார்’ என்பான், அணியில் இடம் போய்விடுமே என்ற பயத்தில். 2011-ல் வட அயர்லாந்தில் பள்ளி ஆட்டமொன்றில் தலையில் அடிபட்ட 14 வயதுப் பையன் தொடர்ந்து ஆடினான், இறந்துபோனான். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் விழுந்த இரண்டாவது அடிதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு 2024 முதல் பல்காப்புக்குள்ளேயே சென்சார். பலத்த அடி விழுந்தால் மைதான ஓரத்து டாக்டருக்குத் தகவல் போய்விடும். பள்ளி மைதான ஓரத்தில் அநேகமாக ஓர் ஆசிரியர்தான் நிற்பார், ஐஸ் பையோடு. கோப்பை ஆட்டத்தில் தன் முக்கிய ஆட்டக்காரனை வெளியே இழுக்க அவருக்கும் மனசு வராது.

அதனால்தான் நியூசிலாந்து முறை எனக்குப் பிடிக்கிறது. அங்கே உள்ளூர் ஆட்டங்களில் நடுவர் கையில் நீல அட்டை உண்டு. பையன் எழும்போது தடுமாறினாலோ, ஸ்கோர் தெரியாமல் விழித்தாலோ காட்டிவிடலாம். பயிற்சியாளர் வாதாட முடியாது. பையன் கெஞ்சியும் பயனில்லை. அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. குறைந்தது மூன்று வாரம் ஓய்வு; டாக்டர் சரி என்ற பிறகே மறுபடி மைதானம்.