பலர் கை சேரும் நிரலும் அதன் காவலும்

2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி, நாவலடி முதலிய ஊர்களைப் பெரிதும் அழித்தது. காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிந்துவைத்தற்கு இலங்கைத் தொண்டர்கள் அந்நாட்களில் விரைந்து ஆக்கிய திறமூல மென்பொருளே ‘சகானா’ ஆகும்.

இத்தகைய நிரலைப் பலர் ஒரே வேளையில் திருத்துவர். ஒருவர் திருத்தம் மற்றொருவர் பகுதியைப் பழுதாக்கின், தேடப்படும் ஒருவரின் பெயர் பட்டியலினின்று மறைதலுங் கூடும். இதனைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் வேண்டும்.

முதலாவது, பரவற் பதிப்பு மேலாண்மை. 2005 இல் லினசு தோர்வால்ட்சு ஆக்கிய ‘கிட்’ இவ்வகையது. நிரலின் முழு வரலாறும் ஒவ்வொருவரிடமும் இருத்தலின், இணையம் அற்றவிடத்தும் பணி தடைப்படாது.

இரண்டாவது, தொடர் ஒருங்கிணைப்புச் சேவையகம். ஒரு கணினியில் ஜாவாவையும் அதன்மேல் ‘ஜென்கின்சை’யும் நிறுவிப் பொதுக் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்தல் வேண்டும். புதிய திருத்தம் வந்தவுடன் அது நிரலைப் பெற்றுத் தொகுத்துச் சோதிக்கும். பிழை காணின் உரியவர்க்கு அறிவிக்கும். ஆயினும் சோதனைகளை எழுதுதல் மாந்தர் கடனே. எழுதாத சோதனையை எந்திரம் நடத்தாது.

மாணவர் மூவர் கூடி ஆக்கும் சிறு நிரலுக்கும் இம்முறை பொருந்தும். இடர் வருமுன் பழகிய ஒழுங்கே இடர்க்காலத்திற் கைகொடுக்கும்.